சுருங்காத திராட்சை

திராட்சை காய்ந்தால் சுருங்கும் என்பது எங்கள் தாஸ்காவ் தாலுகாவில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்க வேண்டியவர்கள் அதற்கென்றே கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. இங்கே பாதி வீடுகளில் திராட்சையைக் காயவைத்து விற்றுத்தான் அடுப்பு எரிகிறது என்றாலும் நாங்கள் வெறும் கண்ணால் பார்க்கிறவர்கள். வெறும் கண்ணுக்கு அது சுருங்கியது போலத்தான் தெரியும்.

அந்தக் கட்டடத்தின் பெயர் அகில இந்திய உலர்தல் கணிப்பு நிறுவனம். ஒரு பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் நடுவிலிருந்து தோல்வரைக்கும் ஊர்ந்து வந்து காற்றில் போக எத்தனை நாளாகும் என்று, பழத்தைத் தொடாமலே கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் வேலை. கணக்கைப் போட்டவர் மறைந்த ஸ்தாபகர் பேராசிரியர். அவர் கணக்கில் திராட்சை ஓர் உருண்டை. தண்ணீர் போகும், உருண்டை அப்படியே இருக்கும். உருண்டையும் கூடவே சுருங்கிக்கொண்டு போனால் கணக்கு சிக்கலாகி, மதியச் சாப்பாட்டுக்குள் விடை வராது. ஸ்தாபகர் சாப்பாட்டு நேரம் தவறாதவர்.

அவர் நினைவாக வாசலில் பளிங்கில் ஒரு திராட்சை வைத்திருக்கிறார்கள். பூசணிக்காய் பெரிசுக்கு இருக்கும். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வருஷா வருஷம் ஸ்தாபகர் தினத்தன்று மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாடாவால் அதன் சுற்றளவை எடுத்து, "மாற்றமில்லை!" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கூட்டம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன், லட்டு கொடுப்பார்கள்.

இந்த நிறுவனத்தின் வாயில் போய் விழுந்தவர் என் அக்கா விமலின் புருஷன், ஆப்பாசோ சௌகுலே. அக்கா புருஷனை நாங்கள் தாஜி என்போம். தாஜி பரம சாது. வம்பு தெருவில் வந்தால் இவர் வயலில் இறங்கி நடப்பார். அவருக்கு ஒரே ஒரு பலவீனம், அது எங்கள் ஜில்லாவுக்கே உள்ளது. அதுதான் சத்காரம். சால்வை போர்த்தி, கையில் தேங்காய் கொடுத்து, தலையில் ஃபேட்டா தலைப்பாகை கட்டி மேடையில் நிறுத்துவது. எங்கள் பக்கத்தில் எருமை வாங்கினவனுக்குச் சத்காரம் உண்டு, தேர்தலில் தோற்றவனுக்கு ஆறுதல் சத்காரமும் உண்டு. ஃபேட்டா தலையில் ஏறிய பிறகு ஒருத்தன் எதற்காவது மாட்டேன் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வருஷம் அறுவடை நேரத்தில் தாஜியை "மாதிரி விவசாயி" என்று அறிவித்து மேடையேற்றினார்கள். ஃபேட்டாவின் கடைசிச் சுற்றைக் கட்டும்போது காதோடு காதாக நிபந்தனையைச் சொன்னார்கள். தாஜியின் அந்த வருஷத்துப் பழம் மொத்தமும் நிறுவனத்தின் மேற்பார்வையில் காயும். பழம் காயும் ஷெட்டின் கதவுக்கு அரக்கு முத்திரை வைக்கப்படும், அளவெடுக்க நிறுவனத்தார் மட்டும் திறந்து மறுபடி வைப்பார்கள். பழம் காய்ந்துவிட்டது என்று கணக்கு சொல்லும் நாளில்தான் முத்திரையை ஒரேயடியாக உடைப்பார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க தாஜி?" என்று கேட்டேன்.

"என்னடா சொல்றது தன்யா, ஃபேட்டா தலையில இருந்துச்சு," என்றார்.

அக்கா சால்வையைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். "இந்த மனுஷனுக்கு ஒரு துணி போர்த்தினா போதும், பொண்டாட்டியையும் எழுதிக் குடுத்துட்டு வந்துருவார்," என்றாள்.

எங்கள் வருஷப் பிறப்பான குடி பாட்வா பண்டிகையன்று பழம் தயாராகிவிட்டது. வலைத் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தோம். பச்சையும் பொன்னும் கலந்த நிறம், முதல் தரம். அடுக்கடுக்காகக் கட்டிய தட்டுகளில் தகதகவென்று கிடந்தது. இனி ஒரே வேலைதான், அள்ளிக் குளிர்கிடங்கில் சேர்ப்பது. தாமதித்தால் நிறம் மங்கும். நடுவே ஒரு கோடை மழை அடித்தால் சாரலிலேயே கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும், வருஷம் முழுக்கப் பாடுபட்டது குப்பைக்குப் போகும். தாஜி கையைப் பிசைந்துகொண்டு அளவு அதிகாரி லோகண்டேயிடம் போனார். தினமும் தராசோடு வந்து ஒரு தட்டை எடை போடுகிறவர் அவர்தான். நல்ல மனுஷன், கணக்குக்கு மட்டும் பயப்படுவார்.

"சாகேப், பழம் காஞ்சிருச்சு. முத்திரைய உடைச்சீங்கன்னா..."

"இன்னும் காயலை ஆப்பாசோ. கணக்குப்படி ஆஷாடி ஏகாதசி கழிச்சுத்தான் காயும்."

"ஐயோ, அப்ப மழை கொட்டுமே!"

"மழை எங்க கணக்குல கிடையாது," என்று ஆறுதல் சொன்னார் லோகண்டே.

அன்று தட்டை எடை போட்டபோது முள் மிகவும் கீழே நின்றது. லோகண்டேயின் முகம் வெளுத்துவிட்டது. "ஆப்பாசோ, இதுல இன்னும் ஏகப்பட்ட தண்ணி இருக்கணும். எங்க போச்சு?"

தாஜி வானத்தைப் பார்த்தார். "காத்துல போயிருச்சு சாகேப்."

"காத்துக்கு யாரு குடுத்தது?"

நல்லவேளையாக அக்கா வந்தவருக்குக் குடிக்க ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். லோகண்டே அதை வாங்கினார். குடிக்கவில்லை. செம்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். செம்பை மெதுவாகத் தட்டில், பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முள் எழுந்து வந்து கணக்கு சொன்ன இடத்தில் அச்சாக நின்றது. மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாத்தீங்களா? இருக்கு! எங்கேயும் போகலை!" என்று தாஜியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாளே உத்தரவு வந்தது. ஷெட்டிலிருக்கும் ஒவ்வொரு தட்டிலும், அதில் இருக்க வேண்டிய தண்ணீரை வைக்க வேண்டும், பாத்திரம் விவசாயியின் பொறுப்பு. அக்காவின் செம்பு, குடம், அண்டா, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் ஷெட்டுக்குப் போயின. போதாமல் தெருவில் கடன் வாங்கினோம். கடைசியில் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. அக்கா ரொட்டி சுடும் கல்லிலேயே கடலைமாவைக் கரைத்துப் பித்லா கிண்டினாள், நாங்கள் கல்லைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியால் வழித்துத் தின்றோம். ஊரில் யாராவது விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால் எங்கள் ஷெட்டுக்குத்தான் வர வேண்டும். வந்தாலும் முத்திரையை உடைக்க முடியாது.

இந்தச் சமயத்தில்தான் கேதகி என்ற பெண் விஞ்ஞானி தராசைச் சரிபார்க்க வந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், பளிங்குத் திராட்சையைக் கும்பிடும்போது சிரித்துவிட்டாள் என்று ஏற்கனவே அவள்மேல் ஒரு புகார் இருந்தது. ஷெட்டுக்குள் வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது காஞ்சு முடிஞ்சு ரொம்ப நாளாச்சே!" என்றாள்.

தாஜி அவள் காலில் விழாத குறை. "அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஏன் உங்க கணக்கு மட்டும் இழுத்துக்கிட்டே போகுது?"

"தண்ணி வெளியே போகப் போக பழம் சுருங்குது இல்லையா? தோல் உள்ள வருது. நடுவுல இருக்கற தண்ணி தோலுக்கு வர்ற தூரம் குறைஞ்சுக்கிட்டே போகுது. அதனால சீக்கிரம் காயுது. எங்க கணக்குல பழம் கடைசிவரைக்கும் குண்டாவே இருக்கு. பாவம், தண்ணி நடந்துக்கிட்டே இருக்கு."

அதை அப்படியே எழுதி இயக்குநர் டாக்டர் ஹேரம்ப் கர்மர்கரிடம் கொடுத்தாள். கர்மர்கர் ஸ்தாபகரின் நேர் சீடர். உயரமான, பளபளப்பான மனிதர். அன்று என்ன நடந்தது என்று கேதகி பின்னால் அக்காவிடம் நடித்தே காட்டினாள்.

"தூரம் குறையுதா? ஸ்தாபகர் வெச்ச தூரத்தைக் குறைக்க உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"நான் குறைக்கலை சார். பழம் குறைக்குது."

"பழத்துக்கு யார் குடுத்தது?"

தண்டனையாக அவளைக் கொப்பரைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கொப்பரையும் காய்ந்தால் சுருங்குகிறது என்று ஒரே வாரத்தில் எழுதிவிட்டாள். செங்கல் பிரிவுக்கு மாற்றினார்கள். பச்சைச் செங்கல் வெயிலில் சுருங்குகிறது என்று எழுதினாள். மரப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பச்சை மரமும் அதே புத்தியைக் காட்டியது. காய்கிற எந்தப் பொருளோடும் இந்தப் பெண்ணைத் தனியே விடக் கூடாது என்று முடிவுசெய்து, கடைசியில் வாசலில் பளிங்குத் திராட்சையைத் துடைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை.

அவள் எழுதினதில் ஒரே ஒரு வரி மட்டும் கர்மர்கருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததோ என்னவோ, ஒருநாள் அவரே ஷெட்டைப் பார்க்க வந்துவிட்டார். பின்னால் குடை பிடிக்க ஒருத்தர், அளவுகோல் பிடிக்க ஒருத்தர், எதையும் பிடிக்காமல் தலையாட்ட ஆறேழு பேர். குடங்களுக்கு நடுவே குனிந்து தட்டைப் பார்த்தார்.

"லோகண்டே, இதெல்லாம் ஏன் சின்னதா தெரியுது?"

"நாம தூரத்துல நிக்கறோம் சாகேப்."

கர்மர்கர் ஓர் அடி முன்னால் போனார். பழம் சின்னதாகவே இருந்தது. இன்னும் குனிந்தார். இன்னும் கிட்டே போனார். மூக்கில் ஒரு திராட்சை ஒட்டிக்கொண்டு வந்தது. தலையாட்டுகிறவர்கள் தலையாட்டினார்கள். அவர் நிமிர்ந்து தாஜியைப் பார்த்தார்.

"சௌகுலே, பாக்கி எங்க?"

"எந்தப் பாக்கி சாகேப்?"

"முத்திரை வெச்ச அன்னைக்குத் தட்டு வழிய வழியப் பழம் இருந்துச்சு. இப்ப கால் தட்டுதான் இருக்கு. பழம் சுருங்காது. அப்ப முக்கால் தட்டுப் பழம் எங்க போச்சு?"

தாஜி கையைக் கூப்பினார். "சா... சாகேப், எண்ணிப் பாருங்க. ஒண்ணுகூடக் குறையாது. கடவுள்மேல ஆணை."

"எண்ணறதா?" கர்மர்கர் சிரித்தார். தலையாட்டுகிறவர்களும் சிரித்தார்கள். "எங்க கணக்குல மொத்தமே ஒரு திராட்சைதான்யா!"

ஆக, சொந்தப் பழத்தைச் சொந்த ஷெட்டிலிருந்து திருடியவர் என்று தாஜிமேல் விசாரணை வைத்தார்கள். பழம் மட்டுமில்லை, உரிய தேதிக்கு முன்னாலேயே தண்ணீரை வெளியேற்றியதும் குற்றமாம். பரிகாரத்தையும் விசாரணைக்கு முன்னாலேயே தீர்மானித்து ரோட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதன் பெயர் ஈரம் திருப்பிச் செலுத்தும் திட்டம். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்கு முன்னால் ஞாயிறு காலையில் தீயணைப்பு வண்டியை வரவழைத்து, பழம் பழைய அளவுக்கு உப்பும் வரைக்கும் குழாயால் தண்ணீர் அடிப்பார்கள்.

அதைப் படித்துவிட்டு தாஜி ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காய்ந்த பழத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இரண்டே நாளில் கறுத்து நாறி, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அன்று அவர் வீட்டுக்கு வந்து எதுவும் சாப்பிடவில்லை. "மழைக்குத் தப்பிச்சேன் தன்யா, கணக்குக்குத் தப்பலையே," என்றார். இந்த மனுஷன் எறும்புக்குக்கூட ஒதுங்கி நின்று வழிவிடுகிறவர்.

விசாரணை சனிக்கிழமை நிறுவனத்தின் பெரிய மண்டபத்தில். அக்காவும் நானும் கூடப் போனோம். வாசலில் கேதகி துணியும் கையுமாகப் பளிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் துணியோடே உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

கர்மர்கர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே, இங்க விசாரிக்கப்படறது ஒரு விவசாயி இல்லை, ஒரு கொள்கை. ஸ்தாபகர் இந்தக் கணக்கைப் போட்டப்ப அவர் ஒரு திராட்சையைக்கூடப் பார்த்ததில்லை. ஏன்? பார்த்தா மனசு சாய்ஞ்சுரும்! அவ்வளவு நேர்மை. நான் அவர்கிட்ட முப்பது வருஷம் இருந்தேன். ஒருநாள் கேட்டேன், 'குருவே, நிஜத்துல வேற மாதிரி நடந்தா?' அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஹேரம்ப், நிஜம் புதுசா வந்தது. கணக்கு முன்னாலயே இருக்கு. யார் சீனியர்?' அப்படின்னார். (கைதட்டல்.) இன்னைக்கு ஒரு பழம் சுருங்கலாம்னு நாம ஒத்துக்கிட்டா நாளைக்கு என்ன ஆகும்? அரிசி சுருங்கும். களிமண் சுருங்கும். நம்ம கட்டடம் சுருங்கும். நம்ம பதவிகள் சுருங்கும்! (பலத்த கைதட்டல்.) அதனால சௌகுலே அவர்களே, உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. உங்களை நான்தான் ஃபேட்டா கட்டி மேடையேத்தினேன். திருடினதை ஒத்துக்கங்க, இன்னொரு சால்வையும் போர்த்தறேன்."

தாஜி எழுந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சால்வை என்றதும் அவர் கை தானாகத் தோளைத் தடவியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்துதான் ஆவேசம் வந்ததோ, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உக்காருங்க நீங்க! ஏன்யா, பழம் சுருங்காது, சுருங்காதுன்னா தட்டுல கிடக்கறது என்ன? எலிப் புழுக்கையா? திராட்சை குண்டா இருக்கணும்னு நீயே சொல்றே. தண்ணியா இருக்கணும்னு நீயே சொல்றே. அங்க கிடக்கறது குண்டாவும் இல்ல, தண்ணியாவும் இல்ல. அப்ப அது உன் திராட்சையே இல்லைய்யா! எங்க கிட்டயே குடுத்துத் தொலையேன்!"

பின்வரிசையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கேதகிதான். சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுந்து நின்று, முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டாள்.

"சார், நான் இத்தனை நாள் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க. இந்த அம்மா சொல்றதுதான் ஸ்தாபகரோட கணக்குக்குச் சரியா வருது. திராட்சை சுருங்காது. அந்தப் பொருள் சுருங்கியிருக்கு. அதனால அந்தப் பொருள் திராட்சை இல்லை."

கர்மர்கர் ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்தார்.

"முத்திரை வெச்சது திராட்சைக்குத்தான்," என்று கேதகி தொடர்ந்தாள். "நாளன்னைக்கு டெல்லிக்காரங்க வந்து பார்த்து, இது என்னன்னு கேட்டா, திராட்சைன்னு சொல்வீங்களா சார்? சொன்னா சுருங்குதுன்னு ஆயிடும்."

லோகண்டே பதறிப்போய், "சொல்லக் கூடாது சாகேப்!" என்றார். இயக்குநர் கேட்காமல் அவர் வாழ்நாளில் பேசிய முதல் வாக்கியம் அது.

கர்மர்கர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் பழம் சுருங்குகிறது என்ற அசிங்கம், இன்னொரு பக்கம் ஷெட்டில் வேறு ஏதோ கிடக்கிறது என்ற சாதாரண அலட்சியம். முப்பது வருஷம் நிறுவனத்தில் இருந்தவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதா? கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"நான் முதல் நாளே சந்தேகப்பட்டேன்," என்றார். "மூக்கால தொட்டே பார்த்தேன். அது திராட்சை இல்லை. இனம் தெரியாத, இனிப்பான, சுருங்கின ஏதோ ஒரு அந்நியப் பொருள். சௌகுலே! நிறுவனம் முத்திரை வெச்ச ஷெட்டுல கண்ட குப்பையைப் போட்டு வெச்சிருக்கீங்க. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அத்தனையையும் அள்ளி எடுத்துக்கிட்டுப் போகணும். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் நான் சும்மா விடமாட்டேன்!"

தாஜிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப என் திராட்சை எங்க சாகேப்?" என்று கேட்கப் போனார். கேட்டும் விட்டிருப்பார். நான் அவர் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

என் டெம்போவை ஷெட் வாசலில் ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்தியபோது இடி இடித்தது. டெல்லிக் குழுவை நினைத்து நிறுவனமே திரண்டு வந்துவிட்டது. விஞ்ஞானிகள் வரிசையாக நின்று கூடை கூடையாகக் கைமாற்றினார்கள். குடை பிடிக்கிறவர் பழத்துக்குக் குடை பிடித்தார். தலையாட்டுகிறவர்கள் தலையில் சுமந்தார்கள். கர்மர்கர் தானே துடைப்பம் எடுத்து, "அந்த மூலையில இன்னும் குப்பை இருக்கு பாரு, கூட்டு, கூட்டு!" என்று கத்திக்கொண்டு ஒரு பழம் விடாமல் சேர்த்துக் கொடுத்தார். கூலிக்கு ஆள் பிடித்தால்கூட இவ்வளவு சுத்தமாக அள்ள மாட்டார்கள். அக்கா பாத்திரங்களை அடையாளம் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டாள். லோகண்டே ஒரு பிடிப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், சுற்றுமுற்றும் பார்த்து வாயில் போட்டுக்கொண்டார். "அந்நியப் பொருள் நல்லா இருக்கு ஆப்பாசோ," என்று காதில் சொன்னார்.

தார்ப்பாயைக் கட்டி முடிக்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. குளிர்கிடங்கின் இரும்புக் கதவுக்குள் வண்டி நுழைந்தபோது வெளியே சோவென்று கொட்டியது. கிடங்குக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "முதல் தரம்," என்றார். தாஜி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குழந்தைபோல அழுதார். வண்டி என்னுடையது, ஸ்டியரிங்கும் என்னுடையது, நான் இறங்கி வெளியே போய் மழையில் நின்றேன்.

காலியான ஷெட்டை டெல்லிக்காரர்களுக்குக் காட்ட முடியுமா? நிறுவனம் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு லாரி அனுப்பி, கிடைத்த பச்சைத் திராட்சையை எல்லாம் வாங்கித் தட்டுகளில் வழிய வழியக் கொட்டியது. திங்கட்கிழமை குழு வந்தது. தலைவர் தட்டில் கண்ணைப் பதித்தார்.

"எத்தனை நாளா உள்ள இருக்கு?"

"குடி பாட்வாவுக்கு முன்னாலேர்ந்து சார்," என்றார் கர்மர்கர்.

"கொஞ்சம்கூடச் சுருங்கலையே!"

"சுருங்காது சார்."

தலைவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். சாறு பீச்சிக்கொண்டு கர்மர்கரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. "ஆனா இன்னும் ஈரமா இருக்கே?"

"அதனாலதான் சார், ஆஷாடி ஏகாதசி வரைக்கும் காயாதுன்னு எங்க கணக்கு அன்னைக்கே சொல்லுச்சு!"

குழு முழுவதும் கைதட்டியது. கணக்கும் பழமும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போனதை நாட்டில் எங்கேயுமே பார்த்ததில்லை என்று தலைவர் தழுதழுத்தார். நிறுவனத்துக்கு ஒரு கேடயமும், கர்மர்கருக்கு இன்னும் ஐந்து வருஷப் பதவி நீட்டிப்பும் அறிவிக்கப்பட்டன. அந்தப் பச்சைத் திராட்சை அதே வாரம் அழுகி, நாற்றம் தாங்காமல் ஊரே மூக்கைப் பொத்தியது. அது வேறு பிரிவின் வேலை என்றார்கள்.

கணக்கோடு ஒத்துப்போன பழம் காய்ந்த ஷெட்டின் சொந்தக்காரர் என்று, கேடயத்துக்கு நடந்த விழாவில் தாஜிக்கு மறுபடியும் சத்காரம். அக்கா கதவில் குறுக்கே நின்று தடுத்துப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை, போய்விட்டார். சால்வை, தேங்காய், ஃபேட்டா. இந்தத் தடவை ஃபேட்டா கட்ட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல நிபந்தனையைச் சொல்லுங்க, அப்புறம் கட்டுங்க," என்றார். எங்கள் ஜில்லாவில் அப்படிச் சொன்ன முதல் ஆள் என் தாஜிதான், எனக்கு ஒரே பெருமை.

விழா முடிந்து பந்தி. கர்மர்கரும் டெல்லித் தலைவரும் நடுவில், எதிர்வரிசையில் நாங்கள். இலையில் நெய் மினுங்க ஷீரா, எங்கள் பக்கத்து ரவா கேசரி, வந்து விழுந்தது. அதில் பொன்னிறமாகத் திராட்சை, தாஜியின் கிடங்கிலிருந்து அக்கா கொடுத்தனுப்பியது. கர்மர்கர் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"லோகண்டே, இதுல என்னமோ கிடக்கு. சின்னதா, சுருங்கி. இது என்னது?"

லோகண்டே எழுந்து குனிந்து பார்த்தார். எங்களைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கை நீட்டி ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து, இலை ஓரத்தில், அந்தத் திராட்சைக்குப் பக்கத்தில் வைத்தார்.

கர்மர்கர் டம்ளரைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார்.

"ம், இப்ப சரி," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.